மராகேஷில் ஆட்டுக்கறி தஞ்சியா: உதவி தேவை

மொராக்கோவின் மராகேஷ் பழைய நகரில், ஜெமா எல் ஃப்னா சதுக்கத்துக்கு அருகே ஒரு ரியாத்தில் (நடுவே முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதி) நானும் மனைவியும் தங்கியிருக்கிறோம். வந்தது திங்கள், கிளம்புவது சனி காலை. தேடுவது ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடத்தின் அடுப்புச் சாம்பலில் வெந்த தஞ்சியா. மண் ஜாடியில் கறி, உப்பில் ஊறிய எலுமிச்சை, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, ஸ்மென் நெய் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, மணிக்கணக்கில் சாம்பலில் புதைப்பார்களே, அது.

நேற்று ரியாத்திலேயே சொல்லிப் பார்த்தோம். ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார்கள், பார்க்க அழகுதான். ஆனால் ஜாடியின் அடி பளிச்சென்று இருந்தது, ஒரு துளி சாம்பல் இல்லை. கேட்டால் கேஸ் அடுப்பாம்! இன்று மதியம் ஒரு பெரிய ஹோட்டலில் ஜாடியே இல்லாமல், தாஜின் என்னும் கூம்பு மூடிச் சட்டியின் தட்டில் வைத்துத் தந்தார்கள். விலையைச் சொன்னால் திட்டுவீர்கள். அப்புறம் சந்தைக்குள் ஒரு கடையில் அசல் கிடைத்தது, ஆனால் மாட்டுக்கறி மட்டும். மனைவி சாப்பிட மாட்டார். வழிகாட்டியும் கையை விரித்துவிட்டார்.

வெள்ளி மதியம் கூஸ்கூஸுக்கு (ரவை போன்ற கோதுமை உணவு) சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது வியாழன், வெள்ளி இரவுகள். செலவு பிரச்சினை இல்லை.

கசாப்புக் கடையில் ஆட்டுக்கறி வாங்கி, ஜாடியை அங்கேயே நிரப்பி, நேராக ஹம்மாம் அடுப்புக்காரரிடம் கொடுத்து வேகவைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பகுதியில் செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?