பினோசேவைத் தொடாமல் விட்டது விவேகமா, கையாலாகாத்தனமா?

கேள்வி: ஓய்வுபெற்ற வாத்தியார்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறு சிலி நாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது ஆண்டு வரலாற்றுப் பாடம் நடத்தியவன்தான், ஆனாலும் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

1973 செப்டம்பர் 11 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி பினோசே, தான் பதவியில் நீடிப்பதா என்ற 1988 வாக்கெடுப்பில் தோற்று, 1990 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கினார். இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. 1998 வரை தரைப்படைத் தளபதி, பிறகு ஆயுட்கால செனட்டர். அவர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் மூவாயிரத்துக்கு மேல். 2006 டிசம்பர் 10 அன்று, எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலே, ராணுவ மருத்துவமனையில் உயிரை விட்டார். அன்றைக்கு மனித உரிமை நாள் வேறு! 1990இல் அவரை அடுத்து வந்த அதிபர் எய்ல்வின் தருவதாகச் சொன்னது 'இயன்ற அளவுக்கு நீதி'.

"திருடன் கையிலேயே சாவியை விட்டுவிட்டுக் குடிவந்தார்களா தாத்தா?" என்கிறாள் என் பேத்தி. என்ன பதில் சொல்ல?

பதில் 1: தூத்துக்குடிக்காரன்

ஐயா, துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதையும் பேத்தியிடம் சொல்லுங்கள். 1993 மே மாதம் எய்ல்வின் ஐரோப்பாவில் இருந்தார். பினோசேயின் மகனுக்கு ராணுவம் கொடுத்த காசோலைகள் பற்றிய விவகாரம் மறுபடி கிளம்பியது. உடனே அதிபர் மாளிகைக்கு அருகிலேயே, ராணுவக் கட்டடத்தைச் சுற்றிப் போர் உடையில் வீரர்கள் வந்து நின்றார்கள். ஒரு காசோலைக்கே இந்தப் பாடு என்றால் கொலை வழக்குக்கு என்ன ஆகியிருக்கும்?

பதில் 2: சாந்தியாகோவில் இருந்தவள்

வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் இருந்தேன். நகரின் நடுவே லோந்த்ரெஸ் என்றொரு சின்னத் தெரு உண்டு. லண்டன் என்பதற்கு அவர்கள் மொழிச் சொல். அதில் 38ஆம் எண் வீடு ரகசியச் சித்திரவதைக் கூடமாக இருந்தது. வாசலில் கறுப்பு வெள்ளைக் கற்கள், அவற்றுக்கிடையே இரும்புத் தகடுகள். தகடுகளில் பெயரும் வயதும். குனிந்து வாசித்தால் பெரும்பாலும் இருபதுகளில் உள்ள பிள்ளைகள். எந்தத் தகட்டையும் மிதிக்காமல் கதவுவரை போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆட்கள் தேடி வரக்கூடாது என்று ராணுவம் கதவு எண்ணையே 40 என மாற்றியிருந்ததாம்.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா அந்தத் தெரு வழியே போகவே மாட்டார். அவர் கணவரோ, பொருளாதாரத்தை நிமிர்த்தியவர் பினோசேதான் என்பார். ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இருவரும் இதைப் பேசாமல் இருப்பதே ஒரு சமரசம்.

வாத்தியார் ஐயா, 1990இல் ராணுவத்தோடு பேரம் பேசியதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பேரத்தைக் கடைசிவரை செல்லும் பத்திரமாக எண்ணியதுதான் தப்பு. 1978இல் பினோசே தனக்குத்தானே எழுதிக்கொண்ட பொதுமன்னிப்புச் சட்டம், 1973 செப்டம்பர் முதல் 1978 மார்ச் வரை நடந்த குற்றங்களை மூடியது. சிலி நீதிபதி குஸ்மான் அதில் ஓர் ஓட்டையைப் பிடித்தார்: உடல் கிடைக்காதவரை அது கொலை அல்ல, ஆள்கடத்தல், கடத்தல் இன்னும் முடியவில்லை, முடியாத குற்றத்துக்கு எப்படி மன்னிப்பு? உடல்களை ஒளித்தவர்களை அந்த ஒளிப்பே காட்டிக்கொடுத்தது. உளவுப் படைத் தலைவர் கொந்த்ரேராஸ் 2015இல் இறந்தபோது அவர் மேல் ஐந்நூறு ஆண்டுக்கும் மேலான சிறைத் தண்டனை இருந்தது.

ஆனால் காத்திருந்தவர்கள் யார்? வட சிலியின் கலாமா ஊர்ப் பெண்கள், காணாமல் போன தங்கள் ஆட்களைத் தேடி, மண்வெட்டியோடு அட்டகாமா பாலைவனத்தைப் பதினேழு ஆண்டுகள் கிளறினார்கள். 1990இல் கிடைத்தவை எலும்புத் துண்டுகள். இயந்திரத்தை வைத்து உடல்களை முன்பே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பதில் 3: பழைய பேப்பர்

சகோதரி சொல்வது சரி, ஆனால் பக்கத்து அர்ஜென்டினாவையும் பார்க்க வேண்டும். அங்கே ராணுவ ஆட்சியை நடத்திய விதேலாவுக்கு 1985இலேயே ஆயுள் தண்டனை கிடைத்தது. துணிச்சல் வேண்டும் ஐயா, துணிச்சல்!

பதில் 4: சாந்தியாகோவில் இருந்தவள்

அண்ணா, அர்ஜென்டினாப் படை 1982இல் ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டனிடம் தோற்று அவமானப்பட்டு நின்றது. சிலிப் படையைத் தோற்கடித்தவர் யாருமில்லை. அங்கேயும் 1987இல் படைமுகாம்களில் கலகம் வெடித்ததும் கீழ்நிலை அதிகாரிகளை விடுவிக்கச் சட்டம் போட்டார்கள். 1990இல் அதிபர் மெனெம் விதேலாவுக்கு மன்னிப்பே வழங்கினார். அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது 2005இல். விதேலா சிறையில் இறந்தது 2013இல். அங்கேயும் காத்திருப்புதான்.

பினோசேவைக் கைது செய்யத் துணிந்ததும் சிலி அல்ல. 1998 அக்டோபரில் சிகிச்சைக்காக லண்டன் போனவரை, ஸ்பெயின் நீதிபதி கார்சோனின் பிடியாணை மடக்கியது. உடல்நிலையைக் காட்டி 2000 மார்ச்சில் விடுவித்தார்கள். சாந்தியாகோ விமான நிலையத்தில் இறங்கியதும் மனிதர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா வாய்விட்டு நகைத்துச் சொன்ன ஒரே அரசியல் கதை அதுதான்.

வாத்தியார்

நன்றி அம்மா. ஒரே ஒரு சந்தேகம்: 38ஐ 40 ஆக்கியது உறுதிதானே? பேத்தி கூட்டத்துக்காக அந்தக் கதவைத்தான் அட்டையில் வரைந்துகொண்டிருக்கிறாள்.

சாந்தியாகோவில் இருந்தவள்

உறுதி ஐயா. 38 என்றே எழுதச் சொல்லுங்கள். இன்று அந்த நினைவிடத்தின் பெயரே 'லோந்த்ரெஸ் 38'தான்.