"அடுப்புக்கு மேக்கால இருக்கிற டப்பா": திசை சொல்லிப் பேசுபவர்களோடு உங்கள் அனுபவம்

சாத்தூர்க்காரன்:
அம்மா ஊரிலிருந்து வந்தால் முதல் நாளே எங்கள் சென்னை வீட்டுச் சமையலறையில் குழப்பம்தான். "அடுப்புக்கு மேக்கால இருக்கிற டப்பாவ எடும்மா" என்பார். என் மனைவி திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். "எந்தப் பக்கம் அத்தை?" என்று கேட்டால், "அதான் மேக்கன்னு சொல்றேன்ல" என்று பதில் வரும். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும் என்பது அம்மாவின் கட்சி.

நாங்கள் இருப்பது நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் சுவர். வெயில் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. அப்புறம் எப்படித்தான் மேற்கு தெரிகிறது என்று கேட்டேன். "லிஃப்ட்ல இருந்து எறங்கி ரெண்டு தடவ திரும்பினோம்ல?" என்றார், இது ஒரு கேள்வியா என்பது போல. லிஃப்டிலிருந்து இறங்கினால் எத்தனை தடவை திரும்புகிறோம் என்று நான் இத்தனை வருடமாகக் கவனித்ததே இல்லை.

இப்படிப்பட்டவர்களோடு பழகியவர்கள் எழுதுங்கள். வாஸ்து பேச்சு மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

மேலூர் மாணவி:
மொழியியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் என்பவரின் குழு 1990களில் இதைத்தான் பல மொழிகளில் ஆராய்ந்தது. அதில் தமிழும் உண்டு. எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் இங்கே வந்து நகரத்துக்காரர்களையும் கிராமத்துக்காரர்களையும் ஒப்பிட்டார். நகரத்தார் பெரும்பாலும் இடது, வலது என்றார்கள். கிராமத்தார் வடக்கு, தெற்கு என்றார்கள். இரு தரப்புக்கும் தாய்மொழி ஒன்றே. இடது, வலது என்பது கிராமத்தில் தெரியாத சங்கதியும் இல்லை. எதை எடுத்துப் புழங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். தமிழை வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: இலக்கணத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது.

பேசுவது சரி, நினைப்பதும் அப்படித்தானா? அதற்கு அவர்கள் செய்த சோதனையை என் அக்கா மகனின் காதுகுத்து அன்று எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பசு, ஆடு, கோழி. ஒரு ஸ்டூலில் மூன்றையும் வரிசையாக, எல்லாம் கிழக்கே பார்க்கும்படி வைத்தேன். ஆளை வடக்கே பார்த்து உட்கார வைத்தேன். அவருக்கு அவை வலப்பக்கம் பார்த்து நிற்கும். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பொம்மைகளை எடுத்துவிட்டு, அவரை அப்படியே பின்பக்கம் திருப்பி, அங்கிருந்த இன்னொரு ஸ்டூலில் "முன்னாடி இருந்த மாதிரியே வையுங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லக்கூடாது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மாமா மகன் வலப்பக்கம் பார்க்க வைத்தான். அதாவது இப்போது மேற்கே பார்த்தபடி. அப்பத்தா கொஞ்சம்கூட யோசிக்காமல் மூன்றையும் கிழக்கே பார்க்க வைத்தார், அவருக்கு அது இடப்பக்கம். அப்புறம் மாமா மகன் வைத்ததைப் பார்த்து, "மாட்ட எதுக்குடா திருப்பிவிட்ட?" என்று கேட்டார். அவனோ "நான் எங்க திருப்பினேன்? நீதான் திருப்பிட்ட" என்றான். அரை மணி நேரம் சண்டை. இரண்டு பேருக்குமே அடுத்தவர் செய்தது கண்ணுக்கு முன்னால் நடந்த தப்பாகத்தான் பட்டது.

என்னை ஈர்த்தது மதினிதான். கிராமத்தில் வளர்ந்து திருப்பூரில் இருப்பவர். பசுவைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஒனக்கு எப்படி வேணும்?" என்று என்னையே கேட்டார்.

நாகைக் கரை:
எங்கள் அப்பா மீன்பிடித் தொழில். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக்கும் காற்றை வைத்தே கணக்கு. படகில் இடது, வலது என்று கத்தினால் வம்புதான். ஒருவர் முன்னால் பார்த்து நிற்பார், இன்னொருவர் வலையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். யாருடைய இடது? "வடக்க வளை" என்றால் எல்லாருக்கும் ஒரே வடக்கு. கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன மாதம் பல் டாக்டரிடம் "தெக்குப் பக்கத்துக் கடவாய்ப் பல்லு வலிக்குது" என்றார். டாக்டர் நாற்காலியைச் சுற்றிவிட்டுச் சிரித்தார்.

சந்தேகப் பிராணி:
கொஞ்சம் பொறுங்கள். இந்த ஆராய்ச்சியை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பெக்கி லீ, லைலா கிளைட்மன் இருவரும் 2002இல் இதே சோதனையை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்தார்கள். அவர்கள் இடது, வலது ஆட்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஓர் அடையாளம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அவர்களுடைய பதில் மாறியது. ஆக, தலைக்குள் இருக்கும் மொழியைவிடச் சுற்றியிருக்கும் இடம்தான் காரணம் என்பது அவர்கள் வாதம். லெவின்சன் தரப்பு அதே வருடம் சுடச்சுட மறுப்பு எழுதியது.

என் அனுபவமும் லீ பக்கம்தான். அமெரிக்காவில் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் சில வருடம் இருந்தேன். சாலையெல்லாம் கட்டம் போட்ட நோட்டு. வழி கேட்டால் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள், ஆனால் "மூன்று தெரு வடக்கே போய்க் கிழக்கே திரும்பு" என்பார்கள். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. சென்னைக்குத் திரும்பி, போன் மேப்பில் வழி சொல்லும் பெண் குரல் லெஃப்ட், ரைட் சொல்ல ஆரம்பித்த பிறகு எல்லாம் போச்சு.

மேலூர் மாணவி:
அந்த வாதம் வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குகு யிமித்திர் மொழி பேசுபவர்களைப் பாருங்கள். (1770இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் அங்கே பழுது பார்க்க நின்றபோது, இவர்கள் மொழியிலிருந்துதான் 'கங்காரு' என்ற சொல் ஐரோப்பியர் காதில் விழுந்தது.) படகு கவிழ்ந்து தப்பிய கதையை அங்கே ஒரு பெரியவர் சொல்லி 1980இல் ஜான் ஹாவிலண்ட் படம்பிடித்தார். இரண்டு வருடம் கழித்து அதே கதையை லெவின்சனிடமும் சொன்னார், இந்த முறை வேறு திசை பார்த்து உட்கார்ந்து. படகு புரண்டதைக் காட்டும் கையசைவு உடம்போடு சேர்ந்து திரும்பவில்லை, நிஜத் திசையிலேயே நின்றது. நடந்தபோதே திசையோடு மனதில் பதிந்திருந்தால்தான் இது முடியும். மேசை மேல் அடையாளம் வைத்து இதைச் செய்ய முடியுமா?

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
நீங்கள் பேசுவதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடச் சமாச்சாரமாகப் படுகிறது. முன்பு ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். சேர்க்கைக்கு முன் குழந்தைகளுக்கு ஒரு 'புத்திசாலித்தனத் தேர்வு' வைப்பார்கள். படத்தில் மரம், அதன் ஒரு பக்கம் நாய், இன்னொரு பக்கம் பூனை. "மரத்துக்கு இடது பக்கம் என்ன இருக்கு?" என்று கேள்வி. கரிசல் காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் குழந்தை, அட்டையைப் பார்த்தாள், அப்புறம் வாசலைப் பார்த்தாள். "மேக்கால நாய் நிக்குது" என்றாள். மேசை கிடந்த திசைக்கு அது மிகச் சரி. தேர்வு எடுத்தவர் பூஜ்யம் போட்டார்.

நான் சொல்லிப் பார்த்தேன். "விடைத்தாளில் இடது, வலதுதான் இருக்கு, மிஸ்" என்றார்கள். ஐந்து வயதில் மூடிய அறைக்குள் உட்கார்ந்து மேற்கைச் சரியாகச் சொல்லும் குழந்தைக்கு இடம் பற்றிய அறிவு குறைவு என்று எழுதிவைத்தார்கள். தேர்வு எடுத்தவரைக் கூப்பிட்டு வடக்கு எது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சரி, அந்த வேலையும் எனக்கு நிலைக்கவில்லை.

ஈரோடு வாசகர்:
அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தல எந்தப் பக்கம் இருக்கு?" வடக்கே தலை வைக்கக்கூடாது என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நான்கைந்து வளைவு போனதில் அவருக்குத் திசை தப்பிவிட்டது. வலியைவிட அதுதான் அவரைப் படுத்தியது. போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்து, "தெக்கதான்பா" என்றேன். அதன் பிறகு தூங்கினார்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. விளக்கைக் கிழக்கே பார்த்து வை, சாப்பிடக் கிழக்கே பார்த்து உட்கார், வடக்கே தலை வைக்காதே என்று வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கத் திசை கேட்கிற ஊர் நம்முடையது. சந்தேகப் பிராணி சொல்வது போல இடம் காரணமாக இருக்கலாம், ஆனால் இந்தப் பயிற்சியையும் கணக்கில் சேருங்கள்.

சாத்தூர்க்காரன்:
மேலூர் மாணவி, அந்தப் பொம்மைச் சோதனையை அம்மாவிடமும் என் ஆறு வயது மகளிடமும் செய்து பார்க்க ஆசை. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மேலூர் மாணவி:
ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கக்கூடாது, அதுதான் முதல் விஷயம். "வலது", "கிழக்கு", "இந்தப் பக்கம்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். ஸ்டூல் இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். பொம்மைகளை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டுத் திருப்புங்கள், உடனே திருப்பினால் கைப்போக்கில் வைத்துவிடுவார்கள். பல தடவை செய்யுங்கள், ஒரு தடவை குருட்டாம்போக்கில்கூட அமையலாம். ஜன்னல் திரையை மூடி ஒரு சுற்று, திறந்து ஒரு சுற்று செய்தால் சந்தேகப் பிராணிக்கும் பதில் கிடைக்கும். மகள் ஒருமுறை கிழக்கே, ஒருமுறை மேற்கே என்று மாற்றி மாற்றி வைத்தால் திருத்தாதீர்கள், அதை அப்படியே குறித்துவைத்து இங்கே போடுங்கள்.