சென்னை–சிங்கப்பூர் விமான தூரம் தப்பா வருது, அவசரம்

நெல்லைப்பையன்:
ஷீட்ல கணக்கு போட்டா 7,029 கி.மீ. காட்டுது. நேரமும் உதைக்குது: போக 6 மணி 50 நிமிஷம், வர 1 மணி 50 நிமிஷம். ஃபார்முலா நெட்ல இருந்த அதேதான். சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும், யாராவது சொல்லுங்க.

மீனம்பாக்கம்:
உருண்டை மேல தூரம் கணக்கு போட எந்த ஃபார்முலா? ஹாவர்சைனா, கொசைன் விதியா? எக்செலா, வேற எதுவுமா? அட்சரேகை, தீர்க்கரேகை என்ன கொடுத்தீங்க?

கட்டம்கட்டி:
எக்செல்னா ஏடான்2 (எக்ஸ், ஒய் கொடுத்தா கோணம் சொல்ற ஃபங்ஷன்) தான் வில்லன். மத்த மொழிகள்ல ஒய் முதல்ல வரும், எக்செல்ல எக்ஸ் முதல்ல. மாத்திப் போடுங்க.

திசைகாட்டி:
ஏடான்2 இடம் மாறியிருந்தா 17,091 வரும். எண்ணைப் பார்த்துட்டு வைத்தியம் சொல்லுங்க கட்டம்கட்டி.

நெல்லைப்பையன்:
எக்செல், ஹாவர்சைன். கடைசியில கோணம் எடுக்க ஏடான்2 இல்ல, ஏசின். சென்னை 12.99, 80.17 / சிங்கப்பூர் 1.36, 103.99

திசைகாட்டி:
இதை முதல் பதிவுலயே போட்டிருக்கணும். எக்செல்ல சைன், காஸ் ரெண்டும் ரேடியன்தான் (கோணத்துக்கு டிகிரி மாதிரி இன்னொரு அளவு) கேட்கும். டிகிரியை அப்படியே கொடுத்தா இந்த நாலு எண்ணுக்கு அச்சு அசலா 7,029 தான் வரும். நாலையும் ரேடியன்ஸ்() போட்டு தனி செல்லுல வைங்க, அப்புறம் கழிங்க. கழிச்சதுக்கு மறுபடி ரேடியன்ஸ் போட்டா ரெண்டு தடவை மாறிடும். பூமியோட ஆரம் 6,371 கி.மீ. வச்சா 2,924 கி.மீ. வரணும், 1.852 ஆல வகுத்தா 1,579 கடல் மைல்.

மீனம்பாக்கம்:
நேரம்: டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னாடி. போறப்ப கழிங்க, வர்றப்ப கூட்டுங்க, ரெண்டுமே 4:20. ராத்திரி கிளம்பி விடியக்காலை இறங்கினா மைனஸ் வந்து செல் முழுக்க ##### ஆகும். அதுக்கு மாட்(இறங்கும் நேரம் − கிளம்பும் நேரம் − 2.5/24, 1). திரும்பி வர்றதுக்கு + 2.5/24.

கட்டம்கட்டி:
2,924-ஐ 4:20 ஆல வகுத்தா மணிக்கு 675 கி.மீ. தான். ஜெட் அவ்வளவு மெதுவாவா போகும்?

மீனம்பாக்கம்:
விமானம் நிறுத்துற ஸ்டாண்டை விட்டு நகர்றதுலேர்ந்து அந்தப்பக்கம் ஸ்டாண்டுல நிக்கிறவரை 4:20. ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது, வரிசையில காத்திருக்கிறது எல்லாம் அதுல அடக்கம். மேலே போனப்புறம்தான் 830 பக்கம் தொடும். வான்பாதையும் நேர்கோடு கிடையாது.

கடலோடி:
பூமி கிழக்கே சுத்துதே, அப்போ போறதும் வர்றதும் எப்படி ஒண்ணா இருக்கும்?

திசைகாட்டி:
காற்றும் பூமியோடதான் சுத்துது. இது பள்ளிக்கூடப் பாடம். வித்தியாசம் வர்றது மேல்மட்டக் காற்றால. குளிர்காலத்துல வட இந்தியா மேல வீசுற பலத்த மேலைக்காற்று இந்தப் பாதைக்கு ரொம்ப வடக்கே இருக்கு.

கடலோடி:
சரி. 104 டிகிரி கிழக்குன்னா, 15 டிகிரிக்கு ஒரு மணின்னு பார்த்தா யுடிசி (உலகப் பொது நேரம்)+7 தானே? சிங்கப்பூர் ஏன் 8?

நெல்லைப்பையன்:
2,924 வந்துடுச்சு. நன்றி

மீனம்பாக்கம்:
கடலோடி, 1982 ஜனவரி 1 வரை அங்கே +7:30. தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோட நேரத்துக்கு மாறினப்ப சிங்கப்பூரும் +8க்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பழைய அட்டவணை கையில இருந்தா 2 மணி மட்டும் கழிங்க.

நெல்லைப்பையன், நேரமும் சரியாச்சா?