ஆச்சியின் 80ஆம் பிறந்தநாள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில்: மண்டபம், மீன், நாடகம்

அந்தோணி: மண்டபக்காரர் போன் செய்தார். மார்ச் 6 மட்டும்தான் காலி. இன்று ராத்திரிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும்.

அமலி: அது வெள்ளிக்கிழமை

அமலி: தவக்காலம் வேறு

அந்தோணி: அதனால்தான் காலி. கல்யாணம் எதுவும் இல்லை.

பிரிட்டோ: அப்போ பிரியாணி?

ரெஜினா சிஸ்டர்: சுத்தபோசனம் தம்பி. இறைச்சி கிடையாது.

பிரிட்டோ: மீன் போடலாமே. சீலா.

ஸ்டெல்லா: சீலா என்ன விலை தெரியுமா? இருநூறு பேருக்கு!

ரெஜினா சிஸ்டர்: மீன் தப்பில்லை. ஆனாலும் தவக்காலத்தில் விருந்து என்றால் பங்குச் சாமிக்குப் பிடிக்காது. ஈஸ்டர் ஏப்ரல் 5. அடுத்த சனிக்கிழமை 11ஆம் தேதி கேட்டுப் பார் அந்தோணி.

ஜெரால்டு: ஏப்ரலில் எனக்கு லீவு கிடைக்காது சித்தி

ஷைனி: ஜெரால்டு அத்தான் இல்லாமல் நாடகம் எப்படி?

அமலி: என்ன நாடகம்?

ஜெரால்டு: எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பதினைந்து நிமிடம் ஆச்சியைப் பற்றி ஒரு நாடகம் போடுகிறோம். ‘தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. 2018 அக்டோபரில் ஏபிசி சேனலில் ஆரம்பித்தது. நல்ல தொடர், ஒரே சீசனில் 23 எபிசோடோடு 2019 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். கிளியரி என்று ஒரு ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். கதை நடப்பது எழுபதுகளின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில், உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கும் தெருவில். எட்டுப் பிள்ளைகள், எட்டும் பையன்கள். பத்துப் பேருக்கு மூன்று படுக்கையறை, ஒரே பாத்ரூம்.

பிரிட்டோ: நம் வீடேதான்

ஸ்டெல்லா: நமக்கு அதுவும் கிணற்றடியில்

அந்தோணி: முன்பணம்

ரெஜினா சிஸ்டர்: எழுபதுகள் என்றால் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையில் பல மாற்றம் கொண்டுவந்த ஆயர்கள் கூட்டம், முடிந்து சில வருஷம். அங்கேயும் லத்தீன் பூசை போய் எல்லாம் மாறிக்கொண்டிருந்த சமயம். அம்மா இன்னும் செபமாலை முடிந்ததும் லத்தீனில் ஏதோ முணுமுணுப்பார், கவனித்திருக்கிறீர்களா?

அமலி: சல்வே ரெஜினா. உன் பெயரே அதிலிருந்து வைத்ததுதான்.

ஜெரால்டு: எழுதியவர் டிம் டாயில். தன் சின்ன வயதை வைத்துத்தான் உருவாக்கினார். பிள்ளைகளில் டிம்மி என்று ஒருவன். அவன் பெரியவனாகிக் கதை சொல்வதுபோல வரும், அந்தக் குரலும் டாயிலுடையதுதான். அம்மா பெகியாக மேரி மெக்கார்மக், அப்பா மைக்காக மைக்கேல் கட்லிட்ஸ். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அம்மாவைக் காட்டிய விதம். தெய்வமாக்கவில்லை. கறாரான அம்மா. எட்டுப் பேரில் ஒருவனை மட்டும் கூப்பிட்டுக் கொஞ்ச அவளுக்கு நேரம் கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு அவள்மேல்தான் பிரியம் அதிகமாகிறது. ஆச்சியையும் அப்படி, இருந்தபடியே காட்ட வேண்டும். மேடையில் தியாகி என்று சொல்லிச் சால்வை போர்த்தினால் அதில் ஆச்சி எங்கே இருக்கிறார்?

அமலி: 80 வயதில் அவரை மேடையில் அடிக்கிற மாதிரி காட்டப் போகிறீர்களா?

பிரிட்டோ: அகப்பை இல்லாமல் அம்மாவா

அமலி: நீ பேசாதே. கடைசிப் பிள்ளை. உன்மேல் அகப்பை படவே இல்லை.

ஸ்டெல்லா: அவனுக்கு முழு முட்டை. எங்களுக்கு நூல் வைத்து அறுத்த பாதி.

அந்தோணி: பாதி இல்லை அக்கா, கால்

ஷைனி: அத்தை, இதைக் கட்டாயம் வைக்கிறோம்!

ஜெரால்டு: இன்னொன்று. முதல் எபிசோடிலேயே மூத்தவன் லாரன்ஸ் வீட்டுக்கு வந்து, குருமடத்தை விட்டுவிட்டேன், உலகத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்கிறான். வீடே தலைகீழாகிவிடுகிறது. மகன் சாமியாராவது அவர்களுக்கும் அவ்வளவு பெரிய கவுரவம். அதைப் பார்த்தபோது எனக்கு நம் வீடு

ஸ்டெல்லா: ஜெரால்டு. இதை ஏன் இங்கே எழுதுகிறாய்?

அமலி: பெரியண்ணன் பார்த்துவிட்டார். நீல டிக் வந்துவிட்டது.

பிரிட்டோ: ஊளி மீன் விலை குறைவு

அந்தோணி: அண்ணா, சின்னப் பையன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஜெரால்டு: மாமா, உங்களை நோகடிக்க எழுதவில்லை. லாரன்ஸைத்தான் அந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனை ஒதுக்கிவைத்துக் கதையை நடத்தவில்லை. கடைசிவரை அந்த வீட்டில் ஒருவன்தான்.

சேவியர்: படித்தேன். கோபம் இல்லை. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் மதராஸ் வந்தபோது அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் மூத்தவன் சாமியாராகப் போகிறான் என்று சொன்னார். அந்த ஜூன் மாதம் நான் பெட்டியோடு வந்து நின்றேன். அப்பா பேசவில்லை. அம்மா ஏன் வந்தாய் என்று கேட்கவே இல்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு இலை போட்டார். அம்மாவைக் காட்டுவது என்றால் அதைக் காட்டுங்கள்.

ஷைனி: பெரியப்பா 🙏

ஜெரால்டு: அந்தக் காட்சியை நீங்களே எழுதித் தருகிறீர்களா மாமா?

அமலி: அப்பாவைப் பற்றி மேடையில் வேண்டவே வேண்டாம். பங்குச் சாமி முன்வரிசையில் இருப்பார்.

ரெஜினா சிஸ்டர்: இருந்தால் என்ன?

அமலி: உனக்கென்ன, மடத்தில் இருக்கிறாய். அண்ணன் விட்ட இடத்தைத்தான் நீ நிரப்பினாய் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். பதில் சொல்வது நான்.

ரெஜினா சிஸ்டர்: அது அப்படி இல்லை. நேரில் பேசுவோம்.

ஸ்டெல்லா: அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

ஜெரால்டு: முன்னாடியே தெரிந்துவிட்டால் ரசிக்க மாட்டார் அம்மா

ஸ்டெல்லா: 80 வயதில் திடீரென்று இதைப் பார்த்தால் அழுதுவிடுவார்

பிரிட்டோ: நான் பெரியண்ணனாக நடிக்கவா?

சேவியர்: நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய்

ஷைனி: ஆச்சி நான்தான். அகப்பை யார் கொண்டு வருகிறீர்கள்?

அந்தோணி: தேதி

அந்தோணி: யாராவது சொல்லுங்கள்

ரெஜினா சிஸ்டர்: ஏப்ரல் 11 கேட்டாயா?

அந்தோணி: காலையில் கல்யாணம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தருவாராம்.

ஜெரால்டு: லீவு கேட்டுப் பார்க்கிறேன். இரண்டு நாள் பொறுங்கள் மாமா.

அந்தோணி: பொறுக்க முடியாது. மார்ச் 6க்கே ஐயாயிரம் அனுப்பிவிட்டேன். மாற்றினால் பணம் திரும்பாது.

அமலி: யாரைக் கேட்டு அனுப்பினாய்?

பிரிட்டோ: அப்போ சீலா