மறு: அச்சிடாத பெயருக்குப் போடும் ஓட்டு – தமிழில் என்ன?

நண்பர்களே,

கல்லூரிப் பாடத்துக்கான மொழிபெயர்ப்பு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பொருள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர்கள். 1946 தேர்தலில் ஜெயித்த யூஜின் டால்மட்ஜ் பதவியேற்கும் முன்பே டிசம்பரில் இறந்துபோகிறார். அவர் உடல்நிலை தெரிந்த ஆதரவாளர்கள் சிலர், சீட்டில் இல்லாத அவர் மகன் ஹெர்மனின் பெயரைத் தாங்களே எழுதி ஓட்டுப் போட்டிருந்தார்கள். இந்த 'ரைட்-இன்' ஓட்டுக்குச் சொல் வேண்டும். இப்போதைக்கு 'செருகு வாக்கு' என்று போட்டிருக்கிறேன்.

———

> செருகு வாக்கு

வேண்டவே வேண்டாம் அம்மா. இடைச்செருகல் என்றாலே நமக்குக் கள்ளச்சரக்குதான். யூஜின் இறந்ததும், அடுத்தபடியாக அதிக ஓட்டு வாங்கி உயிரோடிருக்கும் இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்று அவர் கட்சிக்காரர்கள் வாதாடினார்கள். எழுதிப் போட்ட ஓட்டில், கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் யூஜினிடம் தோற்ற கார்மைக்கேலுக்கு 669, குடியரசுக் கட்சிக்காரர் பவர்ஸுக்கு 637, ஹெர்மனுக்கு 617. உடனே டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த இடமான டெல்ஃபேர் கவுண்டியில் இன்னும் 58 ஓட்டு கிடைத்து 675 ஆகிவிட்டது! அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் போய்த் தோண்டினால், இறந்தவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், பெயர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. 1948இல் அவருக்குப் புலிட்சர் பரிசு. அந்த 58ஐச் செருகல் என்னலாம், சரி. கார்மைக்கேலின் 669ஐயும் அப்படிச் சொல்வீர்களா?

என் பரிந்துரை 'ஓலை வாக்கு'. 'கயிறுபிணிக் குழிசி ஓலை' (கயிற்றால் கட்டிய குடத்திலுள்ள ஓலை) என்று அகநானூறு 77 இருக்கும்போது புதிதாக எதற்கு?

———

ஐயா, அந்தப் பாட்டில் எருவைக் கழுகு குடலை இழுப்பதற்கு உவமையாக வருகிற ஓலை அது. உத்திரமேரூர்க் குடவோலையும் சீட்டெடுப்புதான், வாக்காளர் தன் விருப்பத்தை எழுதுவது இல்லை. இலக்கியத்தில் இருக்கிறது என்பதற்காகப் பொருள் மாறிய சொல்லைப் பையன்கள் தலையில் கட்ட முடியாது. 'பெயரெழுது வாக்கு' போதும். ஊறுகாய் மாதிரி வினைத்தொகையாக 'எழுது' காலம் கரந்து நிற்கும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 'ஆளுநர்' என்றால் நம் மாணவர் நியமனப் பதவி என்றே நினைப்பார். ஜார்ஜியாவில் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த ஹெர்மன், பழைய ஆளுநர் ஆர்னல், துணை ஆளுநராகத் தேர்வான தாம்ப்சன் மூவரும் நானே ஆளுநர் என்று நின்றார்கள். மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன் அரசு முத்திரையைத் தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்கடியில் ஒளித்தே வைத்துவிட்டார். இதெல்லாம் தேர்தல் பதவிக்கான சண்டை என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

———

ஆளுநரை மாற்ற நேரமில்லை, விளக்கம் சேர்த்துவிடுகிறேன். 1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்ப்சன் பக்கம் தீர்ப்பளித்தது, மறு ஆண்டுச் சிறப்புத் தேர்தலில் ஹெர்மனே ஜெயித்தார் என்பதோடு என் பகுதி முடிகிறது. ஆனால் அடுத்த பகுதியிலும் இந்தச் சொல் வருகிறது: 1966 ஆளுநர் தேர்தலில் இதே ஆர்னலுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் எழுதிப் போட்டதால் கட்சி வேட்பாளர்கள் காலவே, மேடக்ஸ் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போய், சட்டமன்றம் மேடக்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே 'செருகு'வை எடுத்துவிட்டேன். பெரும்பாலோர் சொன்ன 'பெயரெழுது வாக்கு' என்றே அனுப்புகிறேன்.

———

நான் ஒப்பவில்லை. ஓலையை விட்டுவிடுகிறேன், போகட்டும். ஆனால் பெயரெழுது வாக்கில் எழுதுவது யார் பெயரை? வாக்காளர் தன் பெயரையே எழுதுகிறார் என்று மாணவர் படித்தால் ரகசிய வாக்கெடுப்பே கெட்டது. 'வேட்பாளர்' என்பது சொல்லுக்குள் வந்தாக வேண்டும். வெள்ளிக்குள் முடியாதென்றால் அடிக்குறிப்பாவது போடுங்கள்.