21 இலக்க எண்: மீதி தப்பா வருது, உதவுங்க

கேள்வி (பாளையங்கோட்டை)
கணித மன்றச் சார்ட்டுக்காக, 2-இன் அடுக்கு 67-இல் 1 கழித்து வரும் 147573952589676412927-ஐ ஸ்ப்ரெட்ஷீட்டில் அடித்தேன். செல்லில் 147573952589676000000 என்று நிக்குது. இலக்கங்களைக் கூட்டினா 84. அப்ப 3-ஆல் வகுபடணும். கடைசியில் 0, அதனால 5-ஆலும். 1644-இல் மெர்சென்ங்கிற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதைப் பகா எண்களோட சேர்த்து எழுதியிருக்கார். எது சரி?

பதில் (தென்காசி)
ரெண்டும் சரியில்ல. ஷீட் 15 இலக்கம்தான் பிடிச்சு வைக்கும், மிச்சம் பூஜ்யமாயிரும். அடிச்ச பிறகு டெக்ஸ்ட்டா மாத்தினா போன இலக்கம் திரும்பாது. முதல்லயே செல்லை டெக்ஸ்ட்டாக்கிட்டு அடிங்க. உண்மையான இலக்கக் கூட்டல் 109, 3-ஆல் வகுபடாது.

ஆனா பகா எண்ணும் இல்ல. 1876-லயே லூக்காங்கிற பிரெஞ்சுக் கணித அறிஞர் இது பகு எண்ணுன்னு காட்டிட்டார், காரணி சொல்லல. 1903-இல் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்தான் 193707721-ஐக் காரணியாக் காட்டினார்.

பதில் (அம்பாசமுத்திரம்)
ஷீட்லயே சரிபார்க்கலாம். எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூணா வெட்டி, குழுவுக்கு ஒரு செல்: 147, 573, 952, 589, 676, 412, 927. ஒவ்வொரு வரியிலும் முந்தின மீதி × 1000 + அடுத்த குழு; அதை 193707721-ஆல் வகுத்து ஈவு ஒரு செல்லில், மீதி ஒரு செல்லில். வகுஎண் 12 இலக்கத்தைத் தாண்டாத வரை இடையில வர்ற எண் 15 இலக்கத்துக்குள்ள அடங்கும், பயமில்ல.

இந்த மாதிரி 2-இன் அடுக்கில் 1 கழிச்ச மெர்சென் எண்ணுக்கு எல்லாப் பகா எண்ணையும் போட்டுப் பார்க்கிறது வீண் வேலை. இதுக்குக் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தா மீதி 1 வரணும், 8-ஆல் வகுத்தா 1 அல்லது 7 வரணும். 193707720 = 134 × 1445580, பாத்துக்கிடுங்க.

கேட்டவர்
அண்ணாச்சி, 14, 75, 73ன்னு கமா இருக்கிற இடத்துல வெட்டிப் போட்டேன். மீதி 0 வரல.

பதில் (அம்பாசமுத்திரம்)
அது லட்சம்-கோடி கமா! கடைசிக் குழு மட்டும் மூணு இலக்கம், மத்ததெல்லாம் ரெண்டு. அப்படி வெட்டினா 100-ஆல் பெருக்கணும், கடைசிக்கு மட்டும் 1000. அதைவிட மும்மூணா வெட்டுறது லேசு. முதல் மூணு குழு சேர்ந்த 147573952 வகுஎண்ணைவிடச் சின்னது, ஈவு 0. நாலாவது குழு சேர்த்தா 147573952589: ஈவு 761, மீதி 162376908. இதுல உங்க ஷீட்டு ஒத்துப்போகுதான்னு முதல்ல பாருங்க.

கேட்டவர்
ஒத்துப்போச்சு. அடுத்த ஈவு 838, மீதி 49838478. அப்புறம் 257, மீதி 55594115. கடைசியில 287, மீதி 0.

பதில் (தென்காசி)
அந்த ஈவுகளைச் சேர்த்து எழுதினா 761838257287, அதுதான் இன்னொரு காரணி. ரெண்டுமே பகா எண்கள். வேற எண்ணுக்குச் செய்யும்போது ஈவு 45ன்னு வந்தா 045ன்னு எழுதணும், இல்லேன்னா இலக்கம் ஒண்ணு காணாமப் போயிரும்.