கேன்சஸ் சிட்டி ராயல்ஸ்: கோப்பை ஜெயித்த அணி மூன்றே வருடத்தில் 104 தோல்விக்கு எப்படிப் போனது?

அம்பை நைட்ஷிஃப்ட்:

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் சோலி பார்க்கிறேன். கிளையன்ட் கேன்சஸ் சிட்டிக்காரர்கள். ஃபோன் கால் தொடங்கியதும் கொஞ்ச நேரம் அவர்கள் ஊர் ராயல்ஸ் அணியின் பேஸ்பால்தான். 2014, 2015 என்றால் வாய் ஓயாது. அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று கேட்டால் சிரித்துவிட்டு ஃபைலுக்குப் போய்விடுகிறார்கள்.

நானே கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2015இல் 95 வெற்றி, சாம்பியன். 2016இல் 81. 2017இல் 80. 2018இல் 58 வெற்றி, 104 தோல்வி. இத்தனைக்கும் களத்தில் அணியை நடத்த அதே நெட் யோஸ்ட், ஆள் எடுப்பதில் அதே டேட்டன் மூர், முதலாளியும் அதே டேவிட் கிளாஸ். பிறகு எப்படி? நம் டிஎன்பிஎல் மாதிரி ஏலம் போட்டு ஆளைக் கலைத்துவிடுவார்களா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

கடையம் பழைய ராயல்ஸ் ரசிகன்:

தம்பி, நான் ஓவர்லேண்ட் பார்க்கில் குடும்பத்தோடு இருந்தவன், இப்போது கடையத்தில் ஓய்வு. அங்கே வீடு கேன்சஸ் மாநிலம், ராயல்ஸ் ஆடும் காஃப்மன் ஸ்டேடியம் இருப்பது மிசூரி மாநிலம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஏலமெல்லாம் கிடையாது. டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புதுப் பையன்களை எடுப்பது) எடுத்த பையன் மைனர் லீக் என்ற கீழ்மட்டத்தில் சில வருடம் ஆடுவான். மேலே மேஜர் லீக்குக்கு வந்த பிறகு ஆறு வருடம் அணியின் பிடியில் இருப்பான். அதிலும் முதல் மூன்று வருடம் கிட்டத்தட்டக் குறைந்தபட்சச் சம்பளம்தான். ஆறு முடிந்ததும் யார் அதிகம் கொடுத்தாலும் போகலாம். இந்த ஆறு வருடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

டேட்டன் மூர் 2006இல் வந்தார். 1985 கோப்பைக்குப் பிறகு அணி பிளேஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. சின்ன ஊர், டிவி வருமானம் கம்மி. நியூயார்க்கோடு பணத்தில் மோத முடியாது. சரி, பையன்களை வளர்ப்போம் என்று இறங்கினார். 2007 டிராஃப்ட்டில் மைக் மூஸ்டாக்கஸ், 2008இல் எரிக் ஹாஸ்மர். வெனிசுவேலாவிலிருந்து சல்வடோர் பெரஸ், டொமினிகன் குடியரசிலிருந்து கெல்வின் ஹெரேரா, யோர்டானோ வெஞ்சுரா. 2011 தொடக்கத்தில் பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகை போட்ட முதல் நூறு இளம் வீரர்கள் பட்டியலில் ஒன்பது பேர் ராயல்ஸ் பையன்கள்.

இதற்கிடையில் சாக் கிரிங்கி என்ற பிட்ச்சர், அதாவது பந்து எறிகிறவர். 2009இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கியவர், தோற்றுத் தோற்று அலுத்துப்போய் வெளியே போகிறேன் என்றார். 2010 டிசம்பரில் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்து லோரென்சோ கேன், அல்சிடிஸ் எஸ்கோபர், இன்னும் இரண்டு பேரை வாங்கினார்கள். ஊரே திட்டியது. பின்னால் கோப்பை வாங்கிய அணியின் சென்டர் ஃபீல்டரும் ஷார்ட்ஸ்டாப்பும் இந்த இருவர்தான்.

ஹாஸ்மர், மூஸ்டாக்கஸ், பெரஸ் மூவரும் மேலே வந்தது 2011இல். அதோடு ஆறைக் கூட்டிப் பாருங்கள், 2017. கேன், எஸ்கோபர் கணக்கும் அதே 2017இல்தான் முடிகிறது. பெரஸ் மட்டும் நீண்ட ஒப்பந்தத்தில் தங்கினார். ஏற்றம் எந்தக் காரணத்தால் வந்ததோ அதே காரணத்தால்தான் இறக்கமும்.

சும்மா காத்திருந்து 2017 வரை போகவும் இல்லை. 2012 டிசம்பரில் வில் மையர்ஸ் என்ற அருமையான பையனையும் இன்னும் மூவரையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற பிட்ச்சர்களை வாங்கினார்கள். மையர்ஸ் அடுத்த வருடமே சிறந்த புதுமுக வீரர். ஆனால் 2014இல், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸ் எறிய ஹெரேரா, எட்டாவது டேவிஸ், ஒன்பதாவது கிரெக் ஹாலண்ட் என்று ஒரு சுவர் நின்றது பாருங்கள்! ஆறு இன்னிங்ஸ் முடியும்போது ஒரு ரன் முன்னால் இருந்தால் போதும், எதிரணி ரசிகர்கள் பார்க்கிங்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸ் என்ற கோப்பை இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 3-2 தோல்வி. கடைசி அவுட்டின்போது நம் அலெக்ஸ் கோர்டன் மூன்றாம் பேஸில் நின்றுகொண்டிருந்தார், ரன் எடுக்க ஹோம் பேஸ் ஒன்றுதான் பாக்கி. அவரை ஹோமுக்கு ஓடவிட்டிருக்கலாமா என்று அங்கே இன்றும் சண்டை நடக்கும். ஓடியிருந்தால் அவுட்தான், நான் அந்தக் கட்சி.

2015 ஜூலையில் கை இன்னும் தாராளம். ஜானி குவெட்டோவுக்காக மூன்று இளம் பிட்ச்சர்கள், பென் ஸோப்ரிஸ்ட்டுக்காக ஷான் மனாயா உட்பட இருவர். வேர்ல்ட் சீரிஸ் இரண்டாம் ஆட்டத்தில் குவெட்டோ ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிந்து இரண்டே ஹிட் (அடித்து பேஸ் சேர்வது) கொடுத்தார். நியூயார்க் மெட்ஸை 4-1 என்று முடித்தார்கள். ஊர்வலத்துக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை, கூட்டம் எட்டு லட்சம் என்று மதிப்பிட்டார்கள். காரை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு ஜனம் நடந்தே வந்தது. குவெட்டோ, ஸோப்ரிஸ்ட் இருவரும் அந்தக் குளிர்காலமே வேறு அணிக்குப் போய்விட்டார்கள். விதைநெல்லையும் குத்திப் பொங்கல் வைத்தாயிற்று, அடுத்த பூவுக்கு நாற்று எங்கே?

வள்ளியூர் ஸ்கோர்புக்:

அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பையன்களைக் கொடுத்தது சரி, கோப்பை வந்தது. அதற்குப் பிறகு பணத்தைப் போட்ட இடம் சரியில்லை. 2016 ஜனவரியில் கோர்டனுக்கு 4 வருடம் 7.2 கோடி டாலர், பிட்ச்சர் இயன் கென்னடிக்கு 5 வருடம் 7 கோடி டாலர். கோர்டன் பேட்டிங் சராசரி, அதாவது ஹிட் அடித்த விகிதம், 2016இல் .220, அடுத்த வருடம் .208, இரண்டுமே மட்டம். கென்னடி 2017இல் 5 வெற்றி, 13 தோல்வி. சின்ன ஊர் என்று சொல்லிக்கொண்டு இப்படிச் செலவழித்தால் ஹாஸ்மருக்குக் கொடுக்க என்ன இருக்கும்?

இன்னொன்றை அண்ணாச்சி விட்டுவிட்டார். 2017 ஜனவரியில் வெஞ்சுரா டொமினிகன் குடியரசில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அடுத்த வரிசை பிட்ச்சர்கள் அவரைச் சுற்றித்தான் அமைய வேண்டியிருந்தது. அதை எந்த நிர்வாகமும் கணக்குப் போட முடியாது.

அம்பை நைட்ஷிஃப்ட்:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 2017 முடிவில் எல்லாரும் போய்விடுவார்கள் என்று முன்பே தெரியும்தானே? ஜூலையிலேயே ஹாஸ்மரையும் கேனையும் கொடுத்து நான்கைந்து பையன்களை வாங்கியிருக்கலாமே?

கடையம் பழைய ராயல்ஸ் ரசிகன்:

வள்ளியூர்த் தம்பி, கென்னடி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம். கோர்டன் விஷயத்தில் இல்லை. அவர் பக்கத்து நெப்ராஸ்காவில் பிறந்து, இதே அணியைப் பார்த்து வளர்ந்தவர். அவரைப் போகவிட்டிருந்தால் மூர் கடைத்தெருவில் நடமாடியிருக்க முடியாது.

அம்பைத் தம்பி, நல்ல கேள்வி. 2017 ஜூலையில் வைல்ட்கார்ட் இடம் (டிவிஷனில் முதலிடம் வராதவர்களுக்கான பிளேஆஃப் இடம்) கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனால் விற்பதை விட்டுவிட்டு மேலும் வாங்கினார்கள். சான் டியேகோவிலிருந்து மூன்று பிட்ச்சர்கள் வந்தார்கள், பதிலுக்கு மேட் ஸ்ட்ராம் முதலியோர் போனார்கள். வந்த பிட்ச்சர்களில் இருவர் சொதப்பினார்கள், 80 வெற்றி, 82 தோல்வி. அப்புறம் ஹாஸ்மர் அதே சான் டியேகோவுக்கு 8 வருடம் 14.4 கோடி டாலருக்குப் போனார், கேன் 5 வருடம் 8 கோடிக்கு மில்வாக்கி. கைமாறாக 2018 டிராஃப்ட்டில் கூடுதல் இடங்கள் கிடைத்தன, அவ்வளவுதான்.

இருந்தாலும் நான் மூர் இடத்தில் இருந்தாலும் விற்றிருக்க மாட்டேன். முப்பது வருடம் காய்ந்து கிடந்த ஊர் அது.

அம்பை நைட்ஷிஃப்ட்:

புரிந்தது அண்ணாச்சி. ஒரே ஒரு ஆட்டம் முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் எது?

கடையம் பழைய ராயல்ஸ் ரசிகன்:

2014 செப்டம்பர் 30, ஓக்லண்டோடு வைல்ட்கார்ட் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் 7-3 என்று பின்னால் இருப்பார்கள், அங்கே மூடிவிடாதீர்கள். ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் போகும். காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.